நாள் குறித்த பிரசவம்

காலைத் தேநீரைக் குடிக்கக்கூட விடவில்லை சிவக்கொழுந்து. நிறைமாத மருமகளின் முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள்.

"சுன்னாகத்துச் சாத்திரியார் நாள் குறிச்சுத் தந்திட்டார். வியாழக்கிழமை ஒன்பது இருபதுக்கு வெட்டி எடுத்தால் சுவாதி. ஞாயிறு வரை விட்டால் கேட்டை... வீட்டுக்கு ஆகாது! பிரவீணன் பிரைவேற் ஆசுப்பத்திரியிலை சொல்லி வைச்சிட்டான்."

வயிறு அவளுடையது, நாள் மட்டும் இவர்கள் குறிப்பதா! கஜானிக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது.

"நான் வரமாட்டன், மாமி. முதல் பிள்ளைக்கு வெட்டின தழும்பைப் பாத்திட்டு, இந்தமுறை நோர்மலாப் பெற முயற்சிக்கலாம் எண்டு கிளினிக் டொக்டர் சொன்னவர். இடையிலை ஏதும் பிழைச்சால் ஒப்பரேசன் தியேட்டர் ஆயத்தமா இருக்கும். அப்ப வெட்டட்டும். சாத்திரியாருக்காக என்னாலை வெட்டுப்பட ஏலாது!"

"மூத்தவள் ஆரபியைப் பெறேக்கை நோ தாங்காமல் 'வெட்டுங்கோ வெட்டுங்கோ' எண்டு குழறினவள், இப்ப வீரம் கதைக்கிறியோ?"

நான்கு வருடமாகக் கேட்கும் பேச்சு. கோயிலில், கலியாண வீடுகளில், பெற்ற தாயின் முன்னால்கூடக் கேட்டுத் தலைகுனிந்திருக்கிறாள். கதவோரம் நின்ற கணவன் பிரவீணன் இன்றும் நிலத்தைத்தான் பார்த்தான். அதைக் கண்டதும் அவள் வெடித்தாள்.

"வாயைத் திறவுங்கோ! குழறினது நானோ?... பொறுக்கலாம் எண்டு டொக்டர் சொல்லச் சொல்ல, 'எனக்குப் பயமாக் கிடக்கு, கையெழுத்துப் போடும்' எண்டு அழுதது ஆர்? உங்கடை பயத்தை என்ரை தலையிலை கட்டினீங்கள்! அம்மாவுக்கு முன்னாலை நீங்கள் குறையக்கூடாது எண்டு நானும் பேசாமல் இருந்தன்!"

சிவக்கொழுந்து மகனைத் திரும்பிப் பார்த்தாள். "உண்மையோடா?"

"ஓம், அம்மா..."

ஓங்கிய கை அவன் கன்னத்தில் இறங்கியது. "உன்ரை பொய்யை நம்பி இந்தப் பிள்ளையை ஊர் முழுக்க நாறடிச்சனே, பாவி!" காகிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டு மருமகளைக் கட்டிக்கொண்டாள். "பிள்ளை எந்த நட்சத்திரத்திலையும் பிறக்கட்டும்... என்னை மன்னிச்சுக்கொள், பிள்ளை!"

கஜானியும் உடைந்து அழுதாள். "நீங்கள் சொன்னதை என்னாலை மறக்கேலாது, மாமி. ஆனால் பொய் சொன்னது நீங்களில்லை. நோ வரேக்கை எனக்குப் பக்கத்திலை நீங்கள்தான் நிக்கவேணும்."

பிரவீணன் ஓரடி முன்னால் வந்தான். "அப்ப நான்...?"

"வீட்டிலை ஆரபியோடை இருங்கோ. பயம் வந்தால் அழுங்கோ. இந்தமுறை உங்கடை பேரிலை அழுங்கோ!"