ஒரே வட்டு, இரண்டு விடை

சூலூரில் லிப்ட்டுக்கு பிரேக் கட்டை செய்யும் கிருபாசங்கர், பீளமேட்டிலிருந்த நந்திதாவின் துப்பறியும் அலுவலகத்துக்குள் வந்ததுமே மேசையில் கைகளை ஊன்றிக்கொண்டு பேசினார்.

"எங்க டெஸ்டிங்ல இருந்த அஃப்தாப் துரோகம் பண்ணிப்போட்டானுங்க, அம்மணி. நான் சோதிச்சா கட்டை நல்லாப் பிடிக்குது. அதே கட்டையை அதே மிஷின்ல அவன் ஓட்டுனா வழுக்குது. போட்டிக் கம்பெனிக்காரங்க வளைச்சுட்டாங்க. வேலையை விட்டு நிறுத்திட்டேன். ஆதாரம் வேணுங்க."

அவருடைய விரல் நுனிகள் சாம்பல் நிறத் தூள் படிந்து கறுத்திருந்தன. நந்திதா அதைக் கவனித்துக்கொண்டாள்.

மதியம் தொழிற்சாலைக்கு அஃப்தாபையும் வரவழைத்தாள். அவளுடைய உதவியாளன் சாய்சரண், சோதனை இயந்திரத்தில் சுழலும் இரும்பு வட்டையும் அதன்மேல் அழுத்தும் கட்டைத் துண்டையும் துடைத்து முகர்ந்து பார்த்தான்.

"எண்ணெய் தடவியிருப்பார்னு நினைச்சேன், மேடம். ஒரு பொட்டுகூட இல்லை."

"நான் எதையும் தடவலீங்க," என்றார் அஃப்தாப். "வேலை போனதை ஊட்டுல இன்னும் சொல்லவே இல்லீங்க."

நந்திதா முதலில் கிருபாசங்கரை ஓட்டிக் காட்டச் சொன்னாள். அவர் உப்புத்தாளால் வட்டை அழுத்தித் தேய்த்துவிட்டு இயந்திரத்தை முடுக்கினார். கட்டை இறுகப் பிடித்தது.

அடுத்து அஃப்தாப். வட்டைத் துணியால் துடைத்து அப்படியே ஓட்டினார். பிடிமானத்தைக் காட்டும் திரையில் எண் இறங்கியது. மறுபடி ஓட்டியபோது இன்னும் இறங்கி, அங்கேயே நின்றது.

"இப்ப நீங்க ஓட்டுங்க. தேய்க்காம," என்றாள் நந்திதா.

கிருபாசங்கர் ஓட்டினார். அஃப்தாபின் எண்ணேதான் வந்தது.

"ஏனுங்க, எப்பவும் தேய்ச்சுட்டுத்தான் ஓட்டுவீங்களா?"

"சுத்தமா இருக்கோணுமில்லீங்க?"

"உங்க விரல்ல இருந்த தூளைப் பாத்தப்பவே எதையோ தேய்க்கறீங்கன்னு நினைச்சேன். சுரசுரப்பான வட்டுல எந்தக் கட்டையும் கொஞ்ச நேரம் நல்லாத்தான் பிடிக்கும். ஓட ஓட வட்டு வழவழன்னு ஆயிரும். லிப்ட்டுல யாருங்க தினமும் உப்புத்தாள் போடறாங்க? அஃப்தாப் காட்டுனதுதான் நெசம்."

"அப்போ குத்தவாளி?" என்றான் சாய்சரண்.

"யாரும் பொய் சொல்லலை." அவள் கிருபாசங்கர் பக்கம் திரும்பினாள். "இந்தக் கட்டையை எங்கயாச்சும் மாட்டியிருக்கீங்களா?"

அவர் முகம் வெளிறியது. "சிங்காநல்லூர்ல ஒரு அபார்ட்மெண்ட்டுங்க. போன வாரம்."

போனை எடுத்தார். அவசரத்தில் எண் அகப்படவில்லை. அஃப்தாப் தன் போனிலிருந்து அந்த அபார்ட்மெண்ட் வாட்ச்மேனை அழைத்தார்.

"அண்ணா, லிப்ட்டை நிறுத்திப்போடுங்க. உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பினார். "யாரும் இல்லீங்க. ஆனா நேத்துல இருந்தே ஒவ்வொரு மாடியிலயும் ஒரு சாண் கீழ போய்த்தான் நிக்குதாமுங்க."

கிருபாசங்கர் போனைப் பைக்குள் போட்டார்.

"வா அஃப்தாப்," என்றார். "நாமளே போய்க் கழட்டிப்போடலாம்."

அஃப்தாப் ஸ்பேனர் பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். முதலாளியின் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை.