ரெண்டு சுழி

பிற்பகல் வெயில் சுள்ளென்று அடித்தது. இசையமைப்பாளரின் பழைய மாடி வீட்டுக்குள் மட்டும் உலராத துணியின் வாடை.

தங்கை அடுத்த மாதம் அவரைக் கட்டிக்கொள்ளப் போகிறவள். அக்கா வந்தது வேலைக்கு. ஜனங்கள் திரையைப் பார்த்துப் பாடுவதற்காகப் பாட்டு வரிகளைத் தட்டச்சு செய்பவள் அவள்.

"கல்யாண வீடெல்லாம் ஆடுற பாட்டு. நீங்க மட்டும் உர்ருனு இருக்கீங்களேக்கா" என்றார் அவர்.

"அவ சிரிக்கணும்னா முன்கூட்டியே விண்ணப்பம் போடணும்" என்றாள் தங்கை.

வீட்டைக் காட்டத் தங்கையை அவர் மாடிக்கு அழைத்துப் போனார். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். துள்ளலான கைதட்டல். அவருடைய உற்சாகமான குரல்.

*மாடிப்படியில் பைங்கிளி, மெல்லத் தொட்டேன், பறந்துச்சு. ஆசை ஆசையாய்க் கொண்டேனே...*

கேட்டபடியே அடித்தாள்.

பின்னணியில் ஒரு பெண்குரல். அவருடைய முதல் மனைவி பாடியது. படியில் தவறி விழுந்து இறந்துபோனவள் என்று சம்பந்தம் பேசும்போதே சொல்லியிருந்தார்கள்.

அந்தக் குரல் பாட்டை நிறுத்தியது.

"மூணு சுழி இல்லக்கா. ரெண்டு சுழி."

அக்கா திரையைப் பார்த்தாள். கொண்டேனே.

மெதுவாக அழித்தாள். திருத்தினாள்.

கொன்றேனே.

ஹெட்போனில் கைதட்டல் மறுபடி தொடங்கியது. இப்போது அது கைதட்டலாகக் கேட்கவில்லை. ஏதோ ஒன்று, கனமாக, படிப்படியாக உருண்டது.

ஹெட்போனை வீசிவிட்டு ஓடினாள்.

மாடிப்படியின் உச்சியில் தங்கை. அவள் முதுகில் அவர் உள்ளங்கை.

"கீழ வாடி. அம்மாவுக்கு முடியலையாம்."

பொய்தான். குரல் நடுங்காமல் சொன்னாள்.

கை விலகியது. தங்கை ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவர் புன்னகை மாறாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

தெருமுனையில் கிடைத்த டாக்சியில் ஏறி, கதவைச் சாத்திய பிறகுதான் அக்காவுக்கு மூச்சு வந்தது.

"இந்தக் கல்யாணம் வேணாம்டி."

வாதாடுவாள் என்று நினைத்தாள். தங்கை அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"படி முனையில நிறுத்தி, அந்தப் பாட்டைப் பாடினாருக்கா. என் காதுகிட்ட."

அக்கா அவளைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பிழைத்தோம்.

டிரைவர் கைநீட்டி ரேடியோவைப் போட்டார். அதே பாட்டு. அவர் தலையாட்டி ரசிக்க, கைதட்டலுக்கு நடுவே அந்தப் பெண்குரல் மட்டும் தாளம் தப்பிக் கெஞ்சியது.

"அக்கா... என்னையும் கூட்டிட்டுப் போங்கக்கா."