களிமண்ணின் வடக்கு

உலையிலிருந்து எடுத்து ஆறவைத்த களிமண் துண்டு வடக்கைக் காட்டவில்லை, கதவைக் காட்டியது.

லிவுவானி மறுபடி அளந்தாள். லிம்போபோ ஆற்றங்கரையில், மழை பொய்த்த ஏதோ ஒரு காலத்தில் தீவைத்துக் கொளுத்திய குடிசையின் தரை அது. எரிந்து ஆறிய அன்று வடக்கு எங்கே இருந்ததோ, அதை அந்த மண் அப்படியே பிடித்து வைத்திருக்கும். அதைப் படிக்கத்தான் பூமியின் காந்தம் எட்டாத இந்த ஜன்னலற்ற அறை. உள்ளே ஒரு குண்டூசிகூட வரக்கூடாது.

இம்முறை திரையிலிருந்த அம்பு பின்சுவரைக் காட்டியது.

சுவரிலிருந்த போனை எடுத்து, வெளி அறையிலிருந்த உதவியாளனைக் கூப்பிட்டாள். "மொஹாவ், சாவிக்கொத்தோட வெளிய சுத்தாதடா. அளவு கெடுது."

"நானா? மேசைல உக்காந்து களி தின்னுட்டிருக்கேன்க்கா. கரண்ட் போற நேரம், சீக்கிரம் வா. பேய்க்கும் உன் ரூம்தான் பிடிக்கும்."

அவன் சிரித்து முடிக்கவில்லை, விளக்கு அணைந்தது. பேட்டரியில் ஓடும் கருவியின் திரை மட்டும் பச்சையாக ஒளிர, எங்கிருந்தோ கருகும் சோளமும் கூரைப்புல்லும் அவற்றுக்கடியில் தீய்ந்த மயிரும் சேர்ந்த ஒரு வாடை கசிந்து வந்தது. சுவருக்கு வெளியே கனத்த வளையல்கள் ஒன்றோடொன்று உரச, யாரோ நின்று நின்று நடப்பதுபோல ஒரு சத்தம் அறையைச் சுற்றியது, அம்பும் கூடவே சுற்றியது.

கதவருகே நின்றது.

கதவு திறக்கவில்லை. ஆனால் வளையல் சத்தம் இப்போது உள்ளே கேட்டது.

"மொஹாவ்! கதவத் திற!"

வெளியே அவன் கதவுக்கு ஓடிவந்து திரும்பும் காலடி கேட்டது. பிறகு போனில் அலறினான். "முடியலக்கா. கைப்பிடி கொதிக்குது. தொட முடியல!"

அம்பு அவள் முதுகுப்பக்கம் திரும்பியது. திரையில் காந்த அளவின் எண்கள் ஏறின. இன்னும் ஏறின. அவள் மூச்சை அடக்கினாள்.

திடீரென்று எண்கள் சரிந்தன. பூஜ்யம். சத்தமும் இல்லை.

போய்விட்டது. மேசையில் நெற்றியைச் சாய்த்து அழுதாள்.

முதுகு சுட்டது.

இரும்பு விலகினால் காந்தம் மறையும். செக்கச்செவேலெனப் பழுத்தாலும் மறையும். மாணவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பது.

திரும்பினாள்.

இருட்டில், குந்தியிருக்கும் ஒரு பெண்ணின் கை உயரத்தில், சிவந்து கனலும் வளையங்கள், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை. கை தெரியவில்லை. வளையங்கள் மட்டும் மெல்ல நீண்டு லிவுவானியின் முகத்தை நோக்கி வந்தன.