மேடம் என்று கூப்பிட்டவன்

இசை சட்டென்று நின்றது. பெண்களின் உள்வட்டமும் ஆண்களின் வெளிவட்டமும் அப்படியே நின்றன. எதிரே யார் நிற்கிறாரோ அவரோடுதான் அடுத்த ஆட்டம்... கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பேட்டை மண்டபத்தில் அதுதான் வழக்கம். நிறவெறிச் சட்டத்தின் காலம். வெள்ளைக்காரர்களுக்கு ஊருக்குள் பளிங்குத் தரை. கலப்பினத்தவர்களுக்கு இந்தப் பலகைத் தரை. ஆட்டம் என்னவோ இங்கேதான் நன்றாக இருக்கும்.

பெரிலின் எதிரே நின்றவன் நெடுநெடுவென்று இருந்தான். கண்களில் மட்டும் ஏதோ ஒரு சோகம்...

"கால மிதிச்சிட்டா திட்டாதீங்க."

"மொதல்ல மிதிங்க. அப்புறம் யோசிக்கிறேன்."

அவன் மிதிக்கவே இல்லை. பெயர் செட்ரிக். துணிக்கடைகளுக்குப் பெட்டி கொண்டுபோய்ப் போடும் வேலை. நான்காவது ஆட்டத்தில் பேச்சு நின்றுபோனது. தேவைப்படவில்லை. வெளியே ஜூன் மாதத்து மழை கொட்டிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை வந்தது. பெரில் வேலை பார்ப்பது வெள்ளைக்காரர்கள் வரும் துணிக்கடையின் பின்னறையில், தையல்காரியாக. அன்று ஓர் அம்மாளின் கவுன் ஓரத்தை மடித்துக் குத்துவதற்காக மேலாளர் அவளை முன்பக்கம் அழைத்திருந்தார். அந்த நேரம் பார்த்துப் பெட்டிகளோடு உள்ளே வந்தான் செட்ரிக். பெரிலின் முகம் மலர்ந்துவிட்டது. குண்டூசிகளை உதட்டில் வைத்துக்கொண்டே சிரித்தாள்.

அவன் முன்பின் தெரியாதவளைப் பார்ப்பது போல் பார்த்தான்.

"பெட்டிய எங்க வைக்கட்டும், மேடம்?"

மேடமா...? சனிக்கிழமை இந்தக் கையைத்தானே பிடித்துக்கொண்டிருந்தாய்? அவள் மூலையைக் காட்டினாள். குண்டூசி விரலில் ஏறியதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் மேலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உன் நிறத்துக்கும் முடிக்கும் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. வெள்ளைக்காரப் பொண்ணாவே முன்பக்கம் நின்னுக்க. உங்க ஆளுங்க யார் வந்தாலும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத, அவ்வளவுதான். திங்கட்கிழமை பதில் சொல்லு."

அம்மா யோசிக்கவே இல்லை. "போடி. தெருவுல எங்களப் பார்த்தா மூஞ்சத் திருப்பிக்க. நாங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டோம்." அதைக் கேட்டுத்தான் பெரிலுக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை மாலை மண்டபத்தில் செட்ரிக் கை நீட்டினான். அவள் மறுத்தாள். மறுத்தவள் அந்த ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்தே இருக்க வேண்டும். உட்கார்ந்தாள். அவனும் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"மேடத்துக்குப் பக்கத்துல உங்களுக்கு என்ன வேலை?"

"உங்களக் காட்டிக் கொடுத்துடக் கூடாதுன்னுதான்..."

"என்னத்தக் காட்டிக் கொடுக்க?"

"முன்பக்கம் நின்னீங்க. வெள்ளைக்காரின்னு சொல்லி வேலை பாக்குறீங்கன்னு நினைச்சேன். நான் பேசியிருந்தா அன்னிக்கே உங்க சீட்டு கிழிஞ்சிருக்கும்." தரையையே பார்த்துக்கொண்டு சொன்னான். "எனக்கு இது பழக்கம்ங்க. எங்க அக்கா மோனா வெள்ளைக்காரின்னு சொல்லிக்கிட்டு அந்தப் பக்கம் போயி ஆறு வருஷம் ஆச்சு. சாயங்காலமானா ஒரே பஸ் ஸ்டாப். அவ வெள்ளைக்காரங்க வரிசை, நான் நம்ம வரிசை. போன மாசம் கைக்குழந்தையோட நின்னா. பையனா பொண்ணான்னுகூட கேக்க முடியல."

பெரிலின் கோபம் போன இடம் தெரியவில்லை. மேலாளர் கேட்டதைச் சொன்னாள்.

"ஒத்துக்கோங்க. நான் பெட்டியோட வந்தா உங்களப் பாக்கவே மாட்டேன். எனக்கு அது நல்லா வரும்."

எழுந்து மழையில் இறங்கிப் போய்விட்டான்.

திங்கட்கிழமை மாலை, கடை மூடும் நேரம். "என்ன முடிவு பண்ணியிருக்க?" என்று மேலாளர் கேட்கவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. பெட்டியோடு வந்த செட்ரிக் அவள் தலைக்கு மேலே எங்கோ பார்த்தான்.

"பெட்டிய எங்க வைக்கட்டும்... மேடம்?"

குரல் லேசாக உடைந்தது. இனி வாழ்நாள் முழுக்க இப்படித்தானா? அம்மாவையும் இப்படித்தானா?

"செட்ரிக்," என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி. "நான் மேடம் இல்ல. பெரில். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ், ஹனோவர் தெரு அரெண்ட்ஸே வீட்டுப் பொண்ணு. சனிக்கிழமை உங்களோட ஆடாம உக்காந்தது என் தப்பு."

துணி வாங்க வந்திருந்த ஓர் அம்மாள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். மேலாளர் வாசலைக் காட்டினார்.

தன் கத்திரிக்கோலை மட்டும் எடுத்துக்கொண்டு பெரில் வெளியே வந்தாள். மழை. செட்ரிக் அவள் பின்னாலேயே ஓடிவந்தான்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க... வேலை போச்சே."

"மெஷின் வீட்டுல இருக்கு, தெச்சுப் பொழைச்சுக்கலாம். நீங்க என்னப் பாக்காமப் போறது இருக்கே... அத என்னால தாங்க முடியல. எனக்கு உங்களப் புடிச்சிருக்கு செட்ரிக்."

இருவரும் நனைந்தபடியே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். எதிரே வெள்ளைக்காரர்கள் வரிசையில் குழந்தையோடு ஒருத்தி நின்றிருந்தாள். அவனுடைய அதே கண்கள். பெரிலுக்குப் புரிந்துவிட்டது. செட்ரிக் பழக்கதோஷத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பெரில் அவன் கையைப் பிடித்தாள். எதிரே நின்றவள் அதைப் பார்த்தாள். பிறகு எங்கோ பார்த்தபடியே குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். இப்போது அதன் முகம் இவர்கள் பக்கம் தெரிந்தது. ரோஜா நிறக் குல்லா.

"பொண்ணு," என்றாள் பெரில் மெதுவாக.

செட்ரிக் தலையாட்டினான். முகத்தில் வழிந்தது மழை மட்டுமில்லை.

"எனக்கும்தான் உங்களப் புடிச்சிருக்கு பெரில்... அந்த மொத ஆட்டத்துலேருந்தே."