கை வைக்கும் நேரம்

மாலை ஆறு மணி. அரை மணி நேரமாக ரமேஸின் பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தும் ஃபோன் சூடேறவில்லை.

மற்ற நாட்களில் அது அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைப் போலச் சுடும். இன்று நிஷாந்தினியின் விரல்களில் மலைப் பீலியில் வழியும் தண்ணீரின் குளிர். ஸ்பிரிங்வெளி மலையிலிருந்து இறங்கிய பனி லயத்து வீட்டின் தகரக் கூரையில் சொட்டிக்கொண்டிருக்க, உள்ளே விறகுப் புகையும் கொத்தமல்லி அவித்த தண்ணீரும் காய்ச்சல்கார உடம்பின் புளித்த வியர்வையும் கலந்த வாடையில், ஆறு வயது கெசியா போர்வைக்குள் சுருண்டு, திரையில் அப்பாவின் முகத்தையே பார்த்துக் கிடந்தாள்.

ரமேஸ் தேயிலைத் தோட்டத்து ஜெபவீட்டின் பாஸ்டர். ஊரடங்கில் ஜெபவீட்டைப் பூட்டிய பிறகு ஃபோனில் பிரசங்கித்தார். அப்புறம் அவருக்கும் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி வண்டி வந்து கொண்டுபோனது. உடலை எரித்துவிட்டோம் என்று ஒருவர் ஃபோனில் சொன்னார். நிஷாந்தினி "சரிங்க" என்றாள். அதன்பின் அவள் அழவும் இல்லை, பிள்ளையிடம் சொல்லவும் இல்லை. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து ஜெபிக்கிறார் என்று, அவருடைய கடைசிப் பிரசங்கத்தையே தினமும் போட்டுக் காட்டினாள்.

இப்போது கெசியாவுக்குக் காய்ச்சல். வெளியே தெரிந்தால் வண்டி வரும். பிள்ளையைத் தனியாகத்தான் ஏற்றுவார்கள்.

சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் லெட்சுமி குரல் கொடுத்தாள்.

"ஏ புள்ள, சத்தத்த கூட்டி வையி. எனக்கும் தல வலிக்குது. மாரியம்மன கும்புடுறவளுக்கு ஒஞ்சாமி மாட்டேன்னா சொல்லிரும்?"

"கேளுங்கக்கா." நிஷாந்தினி சத்தத்தைக் கூட்டினாள்.

"காய்ச்சல்ல இருக்கிறவங்க ஃபோன் மேல கைய வையுங்க," என்றார் ரமேஸ். அவருடைய உள்ளங்கை நெருங்கி வந்து திரையை நிறைத்தது. கெசியா தன் சின்னக் கையை அதன்மேல் ஒட்டினாள். தினமும் ஒட்டுவாள். இந்த இடத்தில் ஆமென் வரும், படம் ஆடும், அணையும்.

ஆமென் வரவில்லை.

திரையின் அடியில் ஓடும் கோடு கடைசிப் புள்ளியைத் தொட்டு நின்றுவிட்டது. கை நகரவில்லை. யாரோ மூச்சு விடும் சத்தம் மட்டும், கிட்டத்தில், கேட்டது.

"ஜில்லுனு இருக்கும்மா." கெசியா சிரித்தாள். காய்ச்சல் வந்ததிலிருந்து சிரிக்காத பிள்ளை.

நிஷாந்தினி அவள் நெற்றியைத் தொட்டாள். சூடு இறங்கியிருந்தது.

ஃபோனைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. சூடு இறங்குகிறது, இறங்கட்டும் என்று இருந்தாள். வண்டி வராது. பிள்ளை இங்கேயே இருக்கும்.

"இன்னும் கொஞ்ச நேரம்," என்றது ரமேஸின் குரல். "எடுக்காதீங்க."

சுவருக்கு அப்பால் லெட்சுமி இருமினாள். "என்ன புள்ள, பாஸ்டர் இன்னைக்கி புதுசா என்னமோ சொல்றாரு?"

நிஷாந்தினி மறுபடி நெற்றியைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. கழுத்தும். நெஞ்சும்.

திரையைப் பார்த்தாள்.

ரமேஸின் உள்ளங்கையில் குறுக்காக ஒரு தழும்பு உண்டு. பாஸ்டராகும் முன் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி இறங்கிய தழும்பு. அது இல்லை. ரேகைகளும் இல்லை. வழுவழுவென்று வெறும் தோல்.

ஃபோனை இழுத்தாள். பிள்ளையின் கையும் கூடவே வந்தது.

பொத்தானை அழுத்தினாள். திரை இருண்டது.

அந்தக் கை மட்டும் போகவில்லை.

கெசியாவின் விரல்களுக்கு இடையில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம், நகமில்லாத விரல்கள் ஒவ்வொன்றாக வந்து மடங்கின.

கூரையில் சொட்டும் சத்தம்.

பிள்ளையின் உதடு நீலம் பூத்திருந்தது. அவள் அழவில்லை. அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, அப்பா கைய விட மாட்டேங்குறாரு. நீங்க சொல்லுங்களேன்."