நாடாவில் ஏறாத நான்கு நிமிடங்கள்

ஓங்கில் விண்கப்பலில் குளிர்த்துயில் கலைந்து எழுபவர்கள் முதலில் கேட்பது கடிதத்தைத்தான், காபியெல்லாம் பிறகு. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சோறு போட இந்தக் கப்பலால் முடியாது. அதனால் பாதிப் பேர் ஆறு மாதம் விழித்திருப்போம், மீதிப் பேர் உறங்குவார்கள். ஒரு துளி மழை கிடையாது, ஆனாலும் இரண்டு அணிகளுக்கும் கார், கோடை என்று பேர். ஒன்று உறங்கிய பிறகுதான் மற்றது எழும்.

நான் கார் அணியின் நாடாக் காப்பாளர். கடிதமோ மனுவோ, எதுவானாலும் முதலில் காத்திருப்புத் தட்டு என்னும் சேமிப்பு வட்டில் தங்கும். பிறகு காந்த நாடாவில் ஏற்றுவேன். ஏறிய மனு ஆணையாகிவிடும். அதைக் கேப்டனே வந்தாலும் அழிக்க முடியாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

பம்ப் அறை தணிகாசலம் வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. அவன் மனைவி கோமளா கோடை அணி. எட்டு வருடமாக இருவரும் சேர்ந்து விழித்திருந்ததே இல்லை. ஆயுளில் ஒரே ஒரு தடவை அணி மாறலாம் என்று போன கோடையில்தான் விதி வந்தது. எழுந்த மறுநாளே இவன் கோடைக்கு மாற மனு கொடுத்தான். நான்தான் ஏற்றினேன்.

“விதி வந்தது தெரிஞ்சும் ஒரு வரிகூட எழுதாமத் தூங்கிட்டாளேக்கா. நான் அங்க வர்றதுல அவளுக்கு இஷ்டமில்லையோ?”

“கோடைக்காரங்க தூங்கப் போன அன்னைக்குத் தட்டு பழுதாச்சுல்ல? அன்னைக்கு எழுதினது எதுவும் நாடாவுல ஏறலப்பா.”

“அப்ப போச்சா?”

“ஏறலேன்னுதான் சொன்னேன். போச்சுன்னா சொன்னேன்?”

மற்றவர்கள் அந்தத் தட்டைத் தலைமுழுகிவிட்டார்கள். நான் கழற்றிப் பத்திரமாக வைத்திருந்தேன். இரண்டு நாள் மல்லுக்கட்டியதில் எழுபது கோப்புகள் மீட்கும் நிலைக்கு வந்தன. ஒன்றில் கோமளாவின் பெயர். மீட்கும் முன் தலைப்பை மட்டும்தான் படிக்க முடியும்: ‘குரல் மனு. நான்கு நிமிடம். கோடையிலிருந்து காருக்கு மாற்றம்.’

“என்கிட்ட வர்றாளாக்கா!” தணிகாசலம் குதித்தான்.

“அவ இங்க வர்றா. நீ எங்க போற?”

அப்படியே உட்கார்ந்துவிட்டான். இருவரும் மாறினால் பழைய கதைதான், அதுவும் ஆயுளுக்கும்.

“உன்னோடது ஏறிடுச்சு. அவளோடது இன்னும் ஏறல. மீட்டாத்தான் ஏறும்.”

“மீட்காம, குரலை மட்டும் கேக்க முடியாதா?”

முடியாது. தட்டிலிருந்து மீட்டது அதே கணம் நாடாவிலும் ஏறிவிடும். யாரும் தில்லுமுல்லு செய்யாமலிருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். நாடாவில் இடம் குறைவு என்பதால் கடிதங்களுக்கு எழுத்து மட்டும்தான், மனுவுக்குத்தான் குரல். எட்டு வருடமாக அவன் அவள் குரலைக் கேட்டதில்லை.

தட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

“நாலு நிமிசமும் என்னைத் திட்டித்தான் தீர்த்திருப்பா, இல்லக்கா?”

“எட்டு வருசத்துக்கு நாலு நிமிசம் எந்த மூலைக்கு?”

சிரித்துவிட்டான். “விட்டுடுங்க. கார் முடிஞ்சதும் நான் தூங்கப் போறதில்லையே. அவ கண்ணு முழிக்கறப்ப பக்கத்துல நிப்பேன். திட்டுறதை நேர்லயே திட்டட்டும்.”

அவன் போன பிறகு அறுபத்தொன்பது கோப்புகளை நாடாவில் ஏற்றினேன். ஒன்றை அழித்தேன். என் வேலையில் நான் தெரிந்தே தொலைத்த கோப்பு அது ஒன்றுதான்.