பதினொன்றரை மணி சபை

என் பெயர் பிரீனா. ஆறாம் வகுப்பு. எனக்குக் கோபம் அதிகம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது பொய். காரணம் இல்லாமல் நான் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. காரணங்கள்தான் அதிகம்.

முதல் காரணம், ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் சேகரத்தில் மூன்று சபைகள். கீழே நெடுவிளை, நடுவில் ஆலங்கோணம், மேலே மலையோரத்தில் எங்கள் பாறைக்கோணம். மூன்று கோயிலுக்கும் சேர்த்து ஒரே போதகர். காலை ஏழரைக்கு நெடுவிளையில் ஆராதனை நடத்துவார். ஒன்பதரைக்கு ஆலங்கோணம். அதையும் முடித்து பைக்கில் ஏறி எங்களிடம் வந்து சேரும்போது மணி பதினொன்றரை.

பதினொன்றரை மணிப் போதகரை நீங்கள் பார்த்ததில்லை. தொண்டை கட்டியிருக்கும். வெள்ளை அங்கி வியர்வையில் முதுகோடு ஒட்டியிருக்கும். பிரசங்கத்தில் அவர் சொல்லும் சிரிப்புக் கதைகூட எங்களுக்குப் பழசுதான். என் வகுப்பில் படிக்கும் ஜெப்சி நெடுவிளைக்காரி. கோயில் முடிந்ததும் அவள் அப்பாவின் போனை எடுத்து, அந்தக் கதையை வாய்ஸ் மெசேஜில் எனக்கு அனுப்பிவிடுவாள். போதகர் பாவம், கதையைச் சொல்லிவிட்டு நாங்கள் சிரிப்போம் என்று காத்திருப்பார். நாங்கள் பசியில் கொட்டாவி விடுவோம்.

இதையெல்லாம்கூட பொறுத்துக்கொண்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அப்பா கத்தாரில் ஏசி மெக்கானிக். தம்பி பிறந்து நான்கு மாதம் கழித்துத்தான் லீவு கிடைத்து வந்தார். தம்பிக்கு ஞானஸ்நானம் வரும் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகியிருந்தது. பெயரும் நான்தான் தேர்ந்தெடுத்தேன். போதகர் கேட்கும்போது அப்பா அதை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அதுவரை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டு ரகசியம்.

செவ்வாய்க்கிழமை அப்பாவின் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அடுத்த வாரம் புதன்கிழமைக்கு இருந்த டிக்கெட்டை முன்னால் இழுத்து, ஞாயிற்றுக்கிழமைக்கே மாற்றிவிட்டார்களாம். மாலை நான்கு மணிக்கு திருவனந்தபுரத்தில் விமானம். காலை பத்து மணிக்கெல்லாம் அப்பா வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும்.

எங்கள் ஆராதனையோ பதினொன்றரைக்கு.

புதன்கிழமை அப்பா என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு சேகரச் செயலாளர் வீட்டுக்குப் போனார். செயலாளர் தேவகுமார் மாமா, ஜெப்சியின் அப்பாதான். நெடுவிளையில் உரக்கடை வைத்திருக்கிறார்.

"இந்த ஒரு ஞாயிறு மட்டும் எங்களுக்கு ஏழரைக்கு வச்சுத் தரணும் அண்ணே. நெடுவிளைக்குப் பதினொன்றரைக்கு வச்சிரலாம்லா?" என்று அப்பா கேட்டார்.

"ஜாஸ்பரே, நீ சொல்லுகது வெளங்குது. ஆனா ஒக்காது. காலாகாலமா உள்ள முறையாக்கும். இன்னைக்கு உனக்கு மாத்துனா நாளைக்கு இன்னொருத்தன் வந்து நிப்பான். பேசாம ஞானஸ்நானத்த இங்க நெடுவிளையில வச்சு முடிச்சிரு. ஒம்பது மணிக்கு வண்டி ஏறிரலாம்."

எனக்குக் காது சூடானது.

"அந்த முறைய யாரு மாமா வச்சா?" என்று கேட்டேன்.

"பெரியவிய பேசும்போது இடையில பேசப்பிடாது மக்கா."

நான் கேட்டது கேள்வி. அதற்கு இது பதிலா? நீங்களே சொல்லுங்கள்.

நெடுவிளையில் வைத்தால் என்ன என்று நீங்களும் கேட்கலாம். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால், ஊரில் உள்ள நாற்பது வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு செம்பில் தங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து கல்தொட்டியில் ஊற்றுவார்கள். பிள்ளையின் வீட்டிலிருந்து யாராவது முதல் செம்பு ஊற்ற வேண்டும். எல்லா வீட்டுத் தண்ணீரும் தலையில் பட்டால்தான் அது எங்கள் ஊர்ப் பிள்ளை. எனக்கும் அப்படித்தான் செய்தார்களாம். தம்பிக்கு முதல் செம்பு நான் ஊற்றுவதாக இருந்தது.

நெடுவிளைக் கோயிலில் குழாயைத் திருகினால் தண்ணீர் வரும். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். "நமக்கு மட்டும் ஏன் பதினொன்றரை?"

"மேல உள்ளவிய ரப்பர் பால் வெட்டி முடிச்சு வரணும்லா, அதுக்கா இருக்கும்" என்றார் அம்மா.

"ஞாயித்துக்கிழமை பால்வெட்டே கிடையாதே!"

"அப்ப வெள்ளக்காரன் வச்சதா இருக்கும்" என்றார் அப்பா.

யாருக்கும் தெரியவில்லை. தெரியாத ஒன்றுக்காக எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று சமையலறைக் கதவை நான் சாத்திய வேகத்தில் தம்பி எழுந்து அழுதான்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஜெப்சியிடம் கேட்டேன்.

"நாங்க பெரிய சபைலா? இருநூறு வீடு உண்டு. அதான் எங்களுக்கு முதல்ல" என்றாள் அவள், மிக்சரைக் கொறித்துக்கொண்டே.

"பெரிய சபைன்னா மனசும் பெருசா இருக்கணும்!"

"எங்க அப்பாவச் சொல்லுகியா?"

"ஆமா, சொல்லுகேன்!"

மேசை மேல் அவளுடைய ஸ்கேல் இருந்தது. எடுத்தேன். இரண்டாக உடைத்தேன். அது உடைந்த சத்தம் அந்த நேரத்துக்கு நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஜெப்சியின் முகத்தைப் பார்த்தேன். அவள் அழவில்லை. இரண்டு துண்டையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க நாங்கள் பேசவில்லை.

அன்று மாலை பள்ளி வேன் என்னை வழக்கம்போலப் பாறைக்கோணம் பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டது. பஸ் ஸ்டாப் என்று பெயர்தான். நான் பிறந்ததிலிருந்து அங்கே ஒரு பஸ்ஸும் நின்றதில்லை. மழை வந்தால் ஆடுகள் நிற்கும்.

உள்சுவரில் சேகரத்தின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'ஆராதனை நேரங்கள்: நெடுவிளை 7.30, ஆலங்கோணம் 9.30, பாறைக்கோணம் 11.30.'

மூன்று நாள் கோபமும் சேர்ந்து தலைக்கு ஏறியது. நோட்டீஸின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். கிழிந்து வந்தது. அதற்கு அடியில் பழைய நோட்டீஸ். அதையும் கிழித்தேன். அதற்கு அடியில் இன்னொன்று. எல்லாவற்றிலும் அதே நேரம். நானும் விடவில்லை.

கடைசிக் காகிதம் வந்ததும் சுவர் தெரிந்தது. சுவரில் நீலப் பெயின்டில் எழுத்துகள். பாதி மங்கியிருந்தாலும் வாசிக்க முடிந்தது.

'தடம் எண் 8பி. நெடுவிளை காலை 7.20. ஆலங்கோணம் 9.20. பாறைக்கோணம் 11.20 (ஒரு நடை மட்டும்).'

கையில் இருந்த நோட்டீஸைப் பார்த்தேன். சுவரைப் பார்த்தேன். மறுபடியும் நோட்டீஸைப் பார்த்தேன். ஒவ்வொரு ஊருக்கும் சரியாகப் பத்து நிமிட வித்தியாசம்.

வீட்டுக்கு ஓடினேன்.

"அம்மா! இங்க முன்னால பஸ் வந்துச்சா?"

"வந்துச்சே. எட்டு பி. நான் கெட்டிக்கிட்டு வந்த வருசம் நின்னு போச்சு. மேல வரைக்கும் ஒரே ஒரு நடைதான் வரும்."

"அப்ப உள்ள போதகருக்கு பைக் உண்டுமா?"

"பைக்கா? அவரு பஸ்ஸுலதான் வருவாரு. ஏன்டி இப்படி மூச்சு வாங்குக?"

எனக்கு மூச்சு வாங்கியது ஓடிவந்ததால் மட்டும் இல்லை.

சனிக்கிழமை மதியம், அப்பாவை வழியனுப்பி ஜெபம் பண்ண போதகரும் செயலாளரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஜெபம் முடிந்தது. அம்மா தேநீரும் ஏத்தம்பழ அப்பமும் வைத்தார்.

"அப்ப நாளைக்கு ஏழரைக்கு நெடுவிளைக்கு வந்திருங்க" என்றார் செயலாளர், அப்பத்தைப் பிய்த்துக்கொண்டே.

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா தம்பியின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் நான் எழுந்தேன்.

"ஐயா, சேகர நோட்டீஸ நான் கிழிச்சுட்டேன்."

"பிரீனா!" என்றார் அம்மா.

"என்னத்துக்குக் கிழிச்ச?" என்று கேட்டார் போதகர்.

"கோவம் வந்துச்சு, கிழிச்சேன். தப்புதான். ஆனா கிழிச்ச இடத்த நீங்களும் மாமாவும் வந்து பாக்கணும். ரெண்டு நிமிசந்தான்."

எல்லாரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். செயலாளர் கையில் பாதி அப்பம். உள்ளே நின்ற ஆட்டை நான் விரட்டினேன். கிழித்து வைத்திருந்த நோட்டீஸை எடுத்து நீல எழுத்துகளுக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"மாமா, நீங்களே வாசிங்க."

அவர் வாசித்தார். வாய் மெல்லுவதை நிறுத்தியது. மறுபடியும் வாசித்தார்.

"எட்டு பி" என்றார் மெதுவாக. "இதுல தொங்கிக்கிட்டுதான் நான் காலேஜுக்குப் போனேன். ஞாயித்துக்கிழமை முன் சீட்டுல போதகர் இருப்பாரு, மடியில அங்கிப் பெட்டி."

"பஸ் நின்னு பன்னிரண்டு வருசமாச்சு மாமா" என்றேன். "எங்க ஊருக்கு அது பிந்தி வந்துச்சு, அதுக்காக ஆராதனையும் பிந்தி வச்சாவ. இப்ப ஐயாவுக்கு பைக் உண்டு. பஸ் போனதுக்கப்புறமும் நாங்க ஏன் அதுக்காகக் காத்திருக்கணும்?"

என் குரல் உயர்ந்துவிட்டது. கோபத்தில்தான்.

போதகர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"நான் இந்தச் சேகரத்துக்கு வந்து ரெண்டு வருசமாச்சு. அந்தப் பஸ்ஸ நான் கண்ணால பாத்ததில்ல. ஆனா ஞாயிறு தோறும் அதுக்க நேரத்துக்குத்தான் ஓடிட்டு இருந்திருக்கேன்" என்றார். "தேவகுமார், நாளைக்கு இங்க ஏழரை. ஆலங்கோணத்துக்கு மாத்தம் இல்ல. நெடுவிளைக்குப் பதினொன்றரை. அடுத்த கமிட்டியில முறை வச்சு மாத்திக்கிடலாம்."

"அது சரி ஐயா. ஆனா இருநூறு வீட்டுக்கு இன்னைக்குள்ள யாரு சொல்லுகது? வாட்ஸ்அப்புல போட்டா பாதிப் பேரு பாக்க மாட்டாவ. நாளைக்குக் காலையில வந்து பூட்டின கோயிலப் பாத்தா என்னைய வச்சு வாங்கிருவாவ!"

அதற்கு ஒரே வழிதான் எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது.

"மாமா, உங்க போனத் தாங்க. ஜெப்சிகிட்ட பேசணும்."

மணி அடித்தது. ஜெப்சி எடுத்தாள்.

"அப்பா?"

"நான் பிரீனா. உன் ஸ்கேல உடைச்சது தப்பு. புதுசு வாங்கித் தாரேன்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவின் டிக்கெட், செம்புத் தண்ணீர், எட்டு பி.

"அப்ப எங்களுக்குப் பதினொன்றரையா?" என்றாள் ஜெப்சி. "பசிக்கும்லா?"

"நல்லா பசிக்கும். எங்களுக்குத் தெரியும்."

பிறகு அவளே கணக்குப் போட்டாள். "எங்க சண்டே ஸ்கூல்ல இருவது பேரு உண்டு. ஆளுக்குப் பத்து வீடு. இருட்டுகதுக்குள்ள சொல்லி முடிச்சிரலாம். ஆனா ஸ்கேலு முப்பது சென்டிமீட்டர், கேட்டியா? பதினஞ்சு எடுத்துட்டு வந்துராத."

ஞாயிற்றுக்கிழமை ஏழே காலுக்கு எங்கள் கோயில் மணி அடித்தது. அந்த நேரத்தில் அது அடித்து நான் கேட்டதே இல்லை. நாற்பது வீட்டுக்காரர்களும் செம்போடு வரிசையில் நின்றார்கள். முதல் செம்பை நான் ஊற்றினேன். பிறகு ஒவ்வொருவராக ஊற்றினார்கள்.

கடைசிச் செம்பும் முடிந்த நேரம் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. செயலாளரும் ஜெப்சியும். ஜெப்சி கையில் ஒரு தண்ணீர் பாட்டில்.

"எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி" என்றாள் என்னிடம். "ஊத்தலாமா? இல்ல, நெடுவிளைத் தண்ணி ஆகாதா?"

நான் நகர்ந்து வழிவிட்டேன். நாற்பத்தொன்றாவதாக அவள் ஊற்றினாள்.

போதகருக்கு அன்று தொண்டை கணீரென்று இருந்தது. தம்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, "இந்தப் பிள்ளைக்கு என்ன பெயர்?" என்று கேட்டார்.

அப்பா வாயைத் திறந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, கோயிலின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஜெபிஷ்."

நாற்பத்தொரு கிணற்றின் குளிரும் ஒன்றாகத் தலையில் விழுந்ததும் ஜெபிஷ் கையை முறுக்கிக்கொண்டு கத்தினான் பாருங்கள்! அழுகை இல்லை அது. சுத்தமான கோபம்.

"உனக்க தம்பிதான், சந்தேகமே இல்ல" என்று அப்பா என் காதில் சொன்னார்.

சரியாகப் பத்து மணிக்கு வண்டி வந்தது. அப்பா போவது எனக்குப் பிடிக்கவே இல்லை. கத்தார் கம்பெனி மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "கோவத்த முழுசும் செலவாக்கிராத மக்கா. அடுத்த லீவுக்கு நான் வரும்போது கொஞ்சம் பாக்கி வை" என்றார். வைப்பதாகச் சொன்னேன்.

அந்த வாரமே கமிட்டி கூடியது. இனி மாதம் ஒரு சபைக்கு ஏழரை என்று முடிவானது. முதல் மாதம் பாறைக்கோணத்துக்கு.

அடுத்த ஞாயிறு. நான் நல்ல தூக்கத்தில் இருந்தேன். யாரோ போர்வையைப் பிடித்து இழுத்தார்கள். கண்ணைத் திறந்தால் வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. அம்மா நின்றார்.

"எழும்பு ஏட்டி! மணி ஆறாகப் போவுது. ஏழரைக்கு ஆராதனை!"

எனக்கு வந்ததே கோபம். "இவ்வளவு காலையிலயா? இந்த நேரத்த யாரு வச்சா?" என்று கத்த வாயைத் திறந்தேன்.

அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

வாயை மூடிக்கொண்டு, பல் தேய்க்கப் போனேன்.